டர்போவுக்கு ஒரு தூக்கு

சாவி மட்டும் கை தவறிக் கீழே விழுந்திருக்காவிட்டால் நேமிசந்திரன் காருக்கு அடியில் குனிந்தே பார்த்திருக்க மாட்டார். விழுந்தது. குனிந்தார். காரின் மூக்குக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரு முறம் அகலத்துக்கு ஈரம்.

நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். மணி ஏழரைதான். அதற்குள் சித்திரை வெயில் ஏறி வாசல் முழுக்கச் சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஈரம் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். விரலை வைத்துத் தொட்டு முகர்ந்தார். எண்ணெய் இல்லை, பெட்ரோல் இல்லை. தண்ணீர்.

"அருகனே!" என்றார் நேமிசந்திரன்.

கார் அவருடையது அல்ல. மனைவி அனந்தவல்லியின் தம்பி பத்மராஜுடையது. பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இன்ஜினீயராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த ஜப்பான் கார். வெள்ளைக் கார்; பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று எழுதியிருந்தது. திண்டிவனத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. கார் வந்த அன்று தெருவே வந்து நின்று, அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

வருகிற திங்கட்கிழமை காரை விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டி நம்பர் வாங்க வேண்டும். அதுவரை அது நேமிசந்திரன் வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது. இடையில் ஒரு வாரம் இருந்ததால் பத்மராஜ் தன் மனைவி குசுமாவைக் கூட்டிக்கொண்டு சிரவணபெளகொளாவுக்குப் போயிருந்தான். போகும்போது சாவியை நேமிசந்திரன் கையில் கொடுத்து, "தெனம் காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க மாமா. அவ்ளோதான். வேற எதையும் தொடாதீங்க" என்றான்.

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"சும்மா சொன்னேன் மாமா."

சும்மா சொல்லவில்லை என்று இருவருக்குமே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பத்மராஜ் லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக் கொண்டுவந்திருந்தான். படம் லேசாக ஆடுகிறதே என்று நேமிசந்திரன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதற்குப் பிறகு படமும் வரவில்லை, உள்ளே போன கேசட்டும் வரவில்லை. அன்று முதல் மாமனார் வீட்டில் மின்விசிறி தவிர மற்ற எல்லாச் சாமானையும் அவர் வருகிறார் என்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். மின்விசிறி எட்டாத உயரத்தில் இருந்தது.

அப்படிப்பட்டவரை நம்பி இவ்வளவு பெரிய காரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்று புதன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிடுவான். அதற்குள் ஒழுகுகிறது.

அனந்தவல்லியிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வேண்டாம் என்று முடிவு செய்தார். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வெறுமனே ஒரு பார்வை பார்ப்பாள்.

பானட்டைத் தூக்கினார். வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டேங்க். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்றது. பக்கவாட்டில் இரண்டு கோடுகள்; தண்ணீர் அவற்றுக்கு நடுவில் நின்றது. கோட்டுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது, ஆனால் அரபியில். பாதி இருக்கிறது என்றால் மீதிப் பாதி எங்கே? கீழே தரையில்.

கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்தார். சமணக் குடும்பமான அந்த வீட்டில் வடிகட்டாமல் தண்ணீரை எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஆகவே வெள்ளைத் துணியை நான்காக மடித்து டேங்கின் வாயில் கட்டி, வடிகட்டியே ஊற்றினார். கழுத்து வரைக்கும் நிரப்பி மூடியைத் திருகினார். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. சோதனை முழுசாக இருக்கட்டும் என்று இன்னும் பதினைந்து நிமிஷம் ஓட விட்டார்.

மூடியின் ஓரத்திலிருந்து புஸ்ஸென்று தண்ணீர் பொங்கி, பொலபொலவென்று தரையில் வழிந்தது.

இனிச் சந்தேகமே இல்லை. டேங்க் போய்விட்டது.

உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. காலையில் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் திண்டிவனம் முழுக்கத் தெரிந்துவிடும், மறுநாள் மாமனார் ஊருக்கும் போய்விடும். நேமிசந்திரன் வேர்க்கடலை வியாபாரம் நடக்கும் தன் மல்லாட்டை மண்டிக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, அங்கிருந்தே விழுப்புரம் பஸ் ஏறினார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாரிகளுக்கு நடுவில், மாரியப்பன் என்ற மெக்கானிக் ஒரு பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கை, முகம், சட்டை எல்லாம் ஒரே கருப்பாக இருந்தன. தொழில் தெரிந்தவன்தான் என்று நேமிசந்திரனுக்குப் பார்த்த உடனே பட்டது.

"என்னா வண்டி சார்?"

"ஜப்பான் கார். டர்போ."

மாரியப்பன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். டர்போ காரை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதை வாயால் சொல்லுகிற ஆளும் அவன் இல்லை.

"டர்போவா? பேஜாரு புடிச்ச வண்டியாச்சே சார் அது. சாதா காருக்கு ஒரு சூடு. டர்போவுக்கு ரெண்டு சூடு. வெளிய போற பொகைய விடாம புடிச்சி, அதுலயே ஒரு சக்கரத்த சுத்த விட்டு, திரும்ப உள்ள காத்த தள்ளுவான். சூடு தாங்காம டேங்க் வாயப் பொளந்துக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"நான் எதுக்குக் கீறேன்? நாளைக்கு வர்றேன். டர்போவாச்சே, வேற எவன் கையிலயும் குடுத்துறாதீங்க."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாரியப்பன் வந்தான். காரை இரண்டு தரம் சுற்றி வந்தான். பானட்டுக்குள் தலையை விட்டவன் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில், "மாட்டிக்கினான்" என்றான்.

"என்னது?"

"இத பாருங்க. மயிரிழை கணக்கா ஒரு கோடு. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓடுது. வெடிப்பு."

டேங்கைச் சுற்றி ஒரு கோடு ஓடத்தான் செய்தது. இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுகிற எந்த பிளாஸ்டிக் சாமானுக்கும் அந்தக் கோடு இருக்கும். ஆனால் தேடிக்கொண்டு வந்தவனுக்குக் கோடு கிடைத்துவிட்டது. மாரியப்பன் இரண்டு நிறப் பசையை உருண்டை பிடித்துப் பிசைந்து, கோடு நெடுகப் பூசினான். டேங்க் மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி ஆயிற்று.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து அனந்தவல்லி கேட்டாள்.

"கார் தொடைக்க ஆள் வந்திருக்கான்."

"நம்ம ஊர்ல ஆளே இல்லியா?"

"டர்போவாச்சே" என்றார் நேமிசந்திரன். அந்த வார்த்தை எல்லாவற்றுக்கும் பதிலாக இருப்பதை அவரும் கண்டுகொண்டிருந்தார்.

அன்று மாலை பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, வாசலுக்கு வந்து காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். காய்ந்திருந்தது. படுக்கப் போகுமுன் இன்னொரு தரம் கையை விட்டுத் தடவினார். துளி ஈரம் இல்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எழுந்து வந்து பார்த்தால், அதே இடம், அதே முறம் அகலம், அதே ஈரம்.

பூச்சு காய்ந்ததா என்று பார்க்க வந்த மாரியப்பன் ஈரத்தைப் பார்த்தான். "ராத்திரி காஞ்சி கெடந்துச்சா?"

"நானே தடவிப் பார்த்தேன்."

"அதான் சார். வெடிகாலம் குளிரு வருது பாருங்க, அப்ப பிளாஸ்டிக்கு சுருங்குது. சுருங்குனா வெடிப்பு வாயத் தொறக்குது. வெயில் வந்தா மூடிக்குது. பசைக்கு இது அடங்காது. காய்ச்சித்தான் ஒட்டணும்."

சித்திரை மாசத்தில் திண்டிவனத்தில் என்ன குளிர் என்று நேமிசந்திரனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சொன்னது மெக்கானிக். டேங்கைக் கழற்றி, மண்டிக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். மாரியப்பன் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை மண்ணெண்ணெய் அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, கோட்டின்மேல் வைத்து இழுத்தான்.

பிளாஸ்டிக் இளகியது. அப்புறம் உருகியது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. கட்டை விரல் போகலாம்.

"முந்தி ஒழுகறது எங்கன்னு தெரியாம இருந்துச்சி" என்றான் மாரியப்பன். "இப்பத் தெரியுது."

"யோவ்! ஞாயித்துக்கிழம அவன் வர்றான்யா!"

"பதறாதீங்க சார். இது ஜப்பான் டேங்கு. மெட்ராஸ்லயே கெடைக்காது. ஆனா டேங்க்னா என்னா சார்? ரெண்டு ஓட்ட, ஒரு மூடி. அவ்ளோதான். வூட்ல மூடி வச்ச சாமான் எதுனா கீதா? கெட்டியா இருக்கணும். ஜல்தி."

நேமிசந்திரன் வீட்டுக்கு ஓடினார். அனந்தவல்லி கொல்லையில் இருந்தாள். சமையல்கட்டு அலமாரியில், கண்ணுக்கு நேராக, எவர்சில்வர் தூக்கு ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கெட்டி. திருகு மூடி. அளவும் கிட்டத்தட்ட சரி. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தார்.

தூக்கோடு மாரியப்பன் விழுப்புரம் போய், அதற்கு இரண்டு குழாய் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பி வந்தான். பொருத்தினான். ரப்பர் குழாய் இரண்டும் கச்சிதமாக ஏறின. தண்ணீரை நிரப்பி வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். தூக்கு லேசாகக் கிணுகிணுத்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் பானட் மூடவில்லை. தூக்கின் கைப்பிடி இடித்தது. மாரியப்பன் பானட்டை அழுத்திப் பிடிக்க, மூட்டை தைக்கும் சணலால் நேமிசந்திரன் இழுத்துக் கட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அனந்தவல்லி அலமாரியைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

"என் தூக்கக் காணோம். கல்யாணத்துக்கு அப்பா குடுத்த தூக்கு. பால்காரி எடுத்துக்கினு போயிருப்பாளோ?"

"அவளா? சேச்சே, அவ அப்படி எடுக்கிறவ இல்ல."

"அப்ப தூக்கு எங்க நடந்தா போச்சு?"

நேமிசந்திரன் அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. அவர் குனியவே பயந்தார். குனிந்தார். ஈரம்.

மாரியப்பன் வந்து குனிந்து பார்த்தான். பீடியைப் பற்றவைத்து, பாதியில் அணைத்தான். தூக்கைத் தட்டிப் பார்த்தான். ஒழுகியிருக்க வழியில்லை, பற்றவைத்தவன் விழுப்புரத்திலேயே பேர்போன ஆள்.

"சார், இது டேங்க் இல்ல. டேங்க் பாவம். உள்ள எங்கியோ விடுது. ரேடியேட்டரா, ஓஸ் பைப்பா, இன்ஜினா, அந்த டர்போவேவான்னு தெரியணும். அதுக்கு ஒரே வழிதான். மொத்தத்தையும் வடிச்சிக் காய விட்றணும். நாளைக்குக் காலைல ஒண்ணொண்ணா தண்ணி விட்டுக்கினே வந்தா, எங்க சொட்டுதோ அங்க புடிச்சிறலாம். மத்தியானம் அவரு வர்றதுக்குள்ள முடிச்சிறலாம்."

சாயங்காலம் வரை வடித்தார்கள். ரேடியேட்டரைத் திறந்து விட்டார்கள். குழாய்களைக் கழற்றி உதறினார்கள். இன்ஜினுக்குள் சைக்கிள் பம்பால் காற்று அடித்தார்கள். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் வைத்திருந்த சின்னப் புட்டியைக்கூட மாரியப்பன் விடவில்லை. கடைசியில் தூக்கை மட்டும் வெறுமையாகத் திரும்ப மாட்டி, சணலைக் கட்டினார்கள்.

"சார், இப்ப இந்த வண்டியில நாக்க நனைக்கத் தண்ணி கெடையாது" என்றான் மாரியப்பன். "நாளைக்கு இதுக்கு அடியில ஒரு சொட்டு இருந்துச்சின்னா, நான் ஸ்பேனர வச்சிட்டுத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போயிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நேமிசந்திரன் ஏழு மணிக்கே எழுந்துவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து மாரியப்பனும் வந்து சேர்ந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒன்றாகக் குனிந்தார்கள்.

ஈரம் இல்லை. குளம்.

முன்பெல்லாம் முறம் அகலம் இருந்தது, இன்று பாய் அகலத்துக்கு விரிந்திருந்தது. நடுவில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் காரின் அடிவயிறு தெரிந்தது.

மாரியப்பன் மெல்ல எழுந்தான். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தான். "சார், நான் இருவது வருசமா லாரி பாக்குறேன். தண்ணி ஊத்துனா ஒழுகற வண்டிய பாத்திருக்கேன். தண்ணி இல்லாம ஒழுகற வண்டிய பாத்தது இல்ல. இது காத்துலேர்ந்து தண்ணி எடுக்குது சார்."

"என்னய்யா சொல்ற?"

"காத்த உள்ள இழுக்கறதுதான சார் டர்போ."

நேமிசந்திரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்முன்னால் மாமனார் வீடு தெரிந்தது. அங்கே இனிமேல் மின்விசிறியையும் கழற்றிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் ஒரு ரிக்‌ஷா திரும்பியது. மத்தியானம் வரவேண்டிய பத்மராஜும் குசுமாவும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து நேர் பஸ் கிடைத்துவிட்டதாம்.

பத்மராஜ் இறங்கியதும் மாமாவைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தான்.

"பானட்டை எதுக்கு மாமா கயிறு போட்டுக் கட்டியிருக்கு?"

நேமிசந்திரன் படியிலிருந்து எழுந்து நின்றார்.

பத்மராஜ் சணல் முடிச்சை அவிழ்த்தான். பானட் தானாகவே மேலே எழும்பியது. அவன் உள்ளே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அப்புறம் குனிந்து, இன்ஜினுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்த பாத்திரத்தில் வெட்டியிருந்த எழுத்துகளை உரக்கப் படித்தான். "'செல்வி அனந்தவல்லிக்குத் திருமணச் சீர்...'"

"என் தூக்கு!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள் அனந்தவல்லி. "ஐயோ, பால்காரிய ரெண்டு நாளா என்னென்ன கேட்டுட்டேன்!"

அப்புறம் எதையும் மறைக்க முடியவில்லை. சாவி விழுந்ததிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது வரை நேமிசந்திரன் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒழுகிச்சி மாப்ளே. சத்தியமா ஒழுகிச்சி. நான் சும்மா கைய வைக்கல."

"கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடிதான் மாமா புது டேங்க் போட்டேன்" என்றான் பத்மராஜ். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "நாளைக்கு அதிகாரி பானட்டைத் தொறக்கச் சொன்னா, தூக்கக் காட்டி நான் என்ன சொல்றது?"

"நீயே குனிஞ்சி பாரு. வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. இருந்தும் ஒழுகியிருக்கு, பாரு!"

பத்மராஜ் குனிந்தான். குசுமாவும் குனிந்தாள். அனந்தவல்லி, தூக்கு போன துக்கத்திலும், குனிந்தாள். பத்மராஜ் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான், காய்ந்து கிடந்தது. மறுபடியும் வந்து குனிந்தான். பன்னிரண்டு வருஷ இன்ஜினீயர் முகத்தில் முதல்தடவையாகக் குழப்பம் வந்தது.

"தண்ணியே இல்லாம எப்படி ஒழுகும்?"

"அதான் சார் டர்போ" என்றான் மாரியப்பன் பயபக்தியோடு.

பக்கத்துச் சந்திலிருந்து கோவிந்தம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். அந்த வீட்டில் வாசல் வேலை செய்கிறவள். மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, வீட்டுக்காரர் எழுவதற்குள் வேலையை முடித்துவிட்டு மல்லாட்டை உடைக்க மண்டிக்குப் போய்விடுவாள். இன்றைக்கு மண்டி லீவு என்பதால் சந்துப் பாதையையும் பெருக்கிவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள். காருக்கு அடியில் வரிசையாகக் குனிந்திருந்த ஐந்து பேரையும் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏங்கய்யா எல்லாரும் குனிஞ்சிக்கினு கீறீங்க? வாச தெளிக்கிறப்ப வண்டிக்கு அடியில மட்டும் காஞ்சி கெடந்தா நல்லாவா இருக்கும்னு நாந்தான் தெனம் ஒரு சொம்பு தண்ணிய உள்ள தள்ளி ஊத்தறேன்; இன்னிக்கித் தம்பி வர்றாருன்னு ரெண்டு சொம்பு!"